புகைக்கூண்டில் போகும் அமிலம்

கோவையில் ராஜ வீதி, பெரிய கடை வீதி, வைசியாள் வீதி, கெம்பட்டி காலனி, செல்வபுரம் என்று தங்க நகைப் பட்டறைகள் நெருக்கமாக இருக்கும் பகுதிகளில், பழைய நகையை உருக்கிச் சுத்தம் செய்யும்போது செம்பழுப்பு நிறத்தில் ஒரு புகை எழுகிறது. நெடி தாங்கவில்லை, கண் எரிகிறது, குழந்தைகளுக்கு இருமல் நிற்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். ஆசிட் இல்லாமல் தங்கம் சுத்தமாகாது, ஆசிட் என்றால் புகை வரத்தான் செய்யும் என்று பட்டறைக்காரர்கள் பதில் சொல்வார்கள். ஒரு தரப்புக்குப் பட்டறைகளை ஊருக்கு வெளியே அனுப்பிவிட வேண்டும். இன்னொரு தரப்புக்குப் புகைக்கூண்டை இன்னும் பத்தடி உயர்த்தினால் போதும். இரண்டு பேரும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போகிறார்கள்: இந்தப் புகை தொழிலோடு ஒட்டிப் பிறந்தது, அதை ஒன்றும் செய்ய முடியாது. நான் மறுப்பது இதைத்தான். நைட்ரிக் அமிலம் எப்படிப் பிறக்கிறது, எங்கே கிடைக்கிறது, உலோகத்தைத் தொட்டதும் என்னவாகிறது என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தால், தெருவில் பரவும் அந்தப் புகை அமில ஆலையின் கோபுரத்துக்குள் நுழையும் அதே வாயுதான் என்று தெரியும். ஆலை அதை அமிலமாக்கி விற்கிறது. பட்டறை காசு கொடுத்து வாங்கிய அமிலத்தை அதே வாயுவாக்கி வெளியே விடுகிறது. எவ்வளவு விடுகிறது என்பது விதியின் கையில் இல்லை. அமிலத்தோடு எந்த உலோகம், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் என்ற மூன்றின் கையில் இருக்கிறது.

தூய நைட்ரிக் அமிலம் நிறமில்லாத திரவம். நீரைப்போல் ஒன்றரை மடங்கு கனம். 83 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். வெளிச்சம் பட்டால் தானே சிதைந்து மஞ்சளாகும். அதனால்தான் பழுப்பு நிறப் பாட்டிலில் வருகிறது. நீர் கலந்த அமிலத்தைக் காய்ச்சிக்கொண்டே போனால் 68 சதவீதத்தில் வந்து நின்றுவிடும். அதற்கு மேல் அமிலமும் நீரும் ஒன்றாகவே, சுமார் 120 டிகிரியில், ஆவியாகும். கடையில் கிடைக்கும் அடர் அமிலம் இந்த எல்லையை ஒட்டியே இருப்பதற்குக் காரணம் இது. மற்ற அமிலங்களிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் குணம் ஒன்று உண்டு. நீர்த்த சல்பியூரிக் அமிலமோ ஹைட்ரோகுளோரிக் அமிலமோ துத்தநாகத்தைக் கரைத்தால் ஹைட்ரஜன் வரும். செம்பையும் வெள்ளியையும் அவற்றால் தொட முடியாது. நைட்ரிக் அமிலம் அவற்றையும் கரைக்கும். உலோகத்தின் எலக்ட்ரான்களைப் பிடுங்குவது அதிலுள்ள நைட்ரஜன்தான். பிடுங்கிய நைட்ரஜன் ஆக்சிஜனை இழந்து நைட்ரிக் ஆக்சைடாகவோ நைட்ரஜன் டை ஆக்சைடாகவோ வெளியேறும். முன்னது நிறமற்றது. பின்னதுதான் நாம் பார்க்கும் செம்பழுப்பு. தங்கம் இதற்கு அசையாது என்பதால் தங்கத்தையும் வெள்ளியையும் பிரிக்க இதைவிட எளிய வழி இல்லை.

இந்த அமிலத்தின் வேர் கொங்கு மண்ணிலேயே இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டு வருவதால் பல்லடம், காங்கயம், தாராபுரம் வட்டாரங்கள் வறண்ட நிலம். மாடு அதிகம், மழை குறைவு. மாடு கட்டிய கட்டுத்தரை, எருக்குழி, பழைய மண்சுவரின் அடிப்பாகம், கைவிடப்பட்ட ஊர்மேடு ஆகிய இடங்களில் சிறுநீரிலும் சாணத்திலும் இருக்கும் நைட்ரஜன் முதலில் அம்மோனியா ஆகிறது. பிறகு மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை பாக்டீரியாக்கள் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இது உயிரின் வேலை என்பது 1877-இல்தான் உறுதியானது. ஷ்லூசிங், மூன்ட்ஸ் என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் மணல் நிரப்பிய குழாய் வழியாகச் சாக்கடை நீரை மெல்ல இறக்கினார்கள். சில வாரங்களில் அடியில் வந்த நீரில் அம்மோனியா போய் நைட்ரேட் வந்தது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றுபோனது. மயக்கமருந்து கொடுத்தால் நிற்கிற வேலை வெறும் ரசாயன வேலையாக இருக்க முடியாது.

மழை கொட்டும் நாட்டில் இந்த நைட்ரேட்டை மழைநீர் மண்ணிலிருந்து கழுவிக்கொண்டு போய்விடும். கொங்கின் கோடையில் கீழிருந்து ஈரம் மண்ணின் நுண்துளை வழியாக மேலேறி ஆவியாகும்போது, அது சுமந்து வந்த உப்பு மேற்பரப்பில் பூத்து நிற்கும். உப்பு மண்ணை அலசி உப்பெடுப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்த உப்பிலியர் அந்தப் பூத்த மண்ணைச் சுரண்டி, நீர் ஊற்றி வடித்து, சாம்பல் சேர்த்துக் காய்ச்சி வெடியுப்பு எடுத்தார்கள். அந்த வேலையில் இரண்டு நுட்பங்கள் ஒளிந்திருக்கின்றன. மண்ணில் இருப்பது பெரும்பாலும் கால்சியம் நைட்ரேட். அது காற்றின் ஈரத்தை இழுத்துக் கசகசவென்று ஆகும், வெடிமருந்துக்கு உதவாது. சாம்பலில் உள்ள பொட்டாசியம் கார்பனேட்டைச் சேர்த்தால் கால்சியம் சுண்ணாம்பாக அடியில் தங்கி, மேலே பொட்டாசியம் நைட்ரேட், அதாவது வெடியுப்பு, நிற்கும். அடுத்தது கறியுப்பைப் பிரிப்பது. 100 கிராம் நீரில் கறியுப்பு சூட்டிலும் குளிரிலும் 36 முதல் 39 கிராம் வரைதான் கரையும். வெடியுப்போ 20 டிகிரியில் 32 கிராம், கொதிநிலையில் ஏறக்குறைய 245 கிராம். ஆகவே கொதிக்கும்போது படிவது கறியுப்பு, ஆறும்போது படிவது வெடியுப்பு. இப்படிக் கறியுப்பு இலவசமாகக் கிடைத்துவிடுகிறது என்பதற்காகவே பிரிட்டிஷ் அரசின் உப்பு இலாகா வெடியுப்புத் தொழிலையும் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. அந்த நாளில் உலகச் சந்தைக்கு வெடியுப்பின் பெரும்பகுதி பீகாரிலிருந்து போனது. கொங்கின் பங்கு அதற்கு முன் சிறியது. ஆனால் மண்ணின் வேதியியல் ஒன்றே.

அந்த உப்பிலிருந்து அமிலம் எடுப்பது பழைய வித்தை. 1300-ஐ ஒட்டி ஐரோப்பாவில் ஜாபிர் பெயரில் உலவிய லத்தீன் நூலில் வெடியுப்போடு படிகாரமும் துத்தமும் சேர்த்து வாலையில் வடிக்கும் குறிப்பு இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் கிளாபர் அதைச் சுருக்கினார்: வெடியுப்பு, சல்பியூரிக் அமிலம், சூடு. இன்றும் பள்ளிப் பாடம் சொல்லும் ஆய்வுக்கூட முறை இதுதான். வாலை முழுக்கக் கண்ணாடியாக இருக்க வேண்டும், தக்கையையும் ரப்பரையும் அமில ஆவி தின்றுவிடும். சூடு 200 டிகிரியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் வடிய வேண்டிய அமிலமே சிதைந்து பழுப்புப் புகையாகும். புகை என்பது அமிலத்தின் இழப்பு என்பதை வாலை வடித்தவர்கள் அன்றே கண்ணால் கண்டிருப்பார்கள். மேட்டுப்பாளையத்துக்கு மேலே, குன்னூர் மலைச்சரிவில் 1904-இல் அமைந்த அரவங்காடு கார்டைட் தொழிற்சாலை இந்த யுகத்தின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்தது. கார்டைட் என்ற வெடிமருந்தின் இரண்டு முக்கியக் கூறுகளுமே நைட்ரிக் அமிலம் இல்லாமல் உருவாக மாட்டா. 1904-இல் காற்றிலிருந்து அமிலம் செய்யும் ஆலை உலகில் தொழில் அளவில் எங்கும் ஓடவில்லை. அந்த ஆண்டில் எந்த நாட்டில் வெடிமருந்து செய்தாலும் அதற்கான நைட்ரஜன் மண்ணிலிருந்தோ சிலி நாட்டுப் பாலைவனத்திலிருந்தோதான் வந்தாக வேண்டும்.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் என்றாலும் அதை ஆக்சிஜனோடு சேர்த்து வைப்பது எளிதல்ல. 1785-இல் ஹென்றி கேவண்டிஷ் காற்றும் ஆக்சிஜனும் கலந்து மின்பொறியை விட்டு விட்டுப் பாய்ச்சி, உண்டான வாயுவைக் காரநீரில் உறிஞ்ச வைத்து வெடியுப்பு எடுத்தார். மின்னல் வானத்தில் செய்வது இதையேதான். நார்வேயில் பிர்க்லாண்டும் ஐடேயும் இதையே மின்வில்லாகப் பெரிதாக்கி 1905-இல் நோட்டோடனில் ஆலை நிறுவினார்கள். அருவி மின்சாரம் மலிவாக இருந்த இடத்தில் மட்டுமே அது பிழைத்தது. இன்று உலகில் செய்யப்படும் நைட்ரிக் அமிலம் ஏறக்குறைய முழுதும் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் 1902-இல் காப்புரிமை பெற்ற வழியில் வருகிறது. ஹேபர்-பாஷ் முறையில் செய்த அம்மோனியாவைக் காற்றோடு கலந்து, பிளாட்டினமும் ரோடியமும் கலந்த மெல்லிய வலையின் ஊடே 850 டிகிரியை ஒட்டிய சூட்டில் செலுத்துகிறார்கள். வலையைத் தொட்டுக் கடக்கும் கணநேரத்துக்குள் அம்மோனியாவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு அளவில் நைட்ரிக் ஆக்சைடாகிவிடுகிறது. எல்லோரும் வியந்து எழுதுவது இந்த வலையைப் பற்றித்தான். பட்டறைப் புகையைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் வலைக்குப் பிறகு நடப்பதைப் பார்க்க வேண்டும்.

வலையைத் தாண்டிய நைட்ரிக் ஆக்சைடு நீரில் ஏறக்குறைய கரையாது. அது முதலில் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் டை ஆக்சைடாக வேண்டும். இந்த வினைக்கு அபூர்வமான ஒரு குணம் உண்டு: சூடு ஏற ஏற வேகம் குறையும். எனவே ஆலையில் வாயுவைக் குளிர்விக்கிறார்கள், அழுத்துகிறார்கள், காத்திருக்க விடுகிறார்கள். பிறகு நீர் இறங்கும் உயரமான கோபுரத்துக்குள் அனுப்புகிறார்கள். அங்கே மூன்று மூலக்கூறு நைட்ரஜன் டை ஆக்சைடு ஒரு மூலக்கூறு நீரோடு சேர்ந்து இரண்டு மூலக்கூறு நைட்ரிக் அமிலத்தையும் ஒரு மூலக்கூறு நைட்ரிக் ஆக்சைடையும் தரும். ஆக, ஒவ்வொரு முறை நீரைத் தொடும்போதும் மூன்றில் ஒரு பங்கு மறுபடி கரையாத வாயுவாகத் திரும்பி வருகிறது. அது மறுபடி ஆக்சிஜனோடு சேர வேண்டும், மறுபடி நீரைத் தொட வேண்டும். கோபுரத்தில் தட்டுக்கு மேல் தட்டாக அடுக்கியிருப்பதன் பொருள் இதுவே. நிதானம் இல்லாத இடத்தில் இந்த வாயு அமிலமாகாது.

இப்போது பட்டறைக்குள் வருவோம். 100 கிராம் பழைய 22 காரட் நகை. அதில் தங்கம் 91.6 கிராம், மீதி செம்பும் வெள்ளியும். இதை அப்படியே அமிலத்தில் போட்டால் தங்கம் மேலே போர்வைபோல் மூடிக்கொண்டு உள்ளே இருக்கும் கலப்பைக் காப்பாற்றிவிடும். அமிலம் உள்ளே புக வேண்டுமானால் தங்கம் மொத்தத்தில் கால் பங்காக இருக்க வேண்டும். ஆகவே மூசையில் உருக்கும்போது வெள்ளியோ செம்போ சேர்த்து எடையை ஏறக்குறைய 366 கிராமாக்குகிறார்கள். உருகியதைத் தண்ணீரில் கொட்டிப் பருக்கைகளாக்கி, அமிலத்தில் போட்டுச் சூடாக்குகிறார்கள். கரைய வேண்டியது 275 கிராம் உலோகம். அது முழுதும் வெள்ளி என்றும், அடர் அமிலத்தில் கரைவதாகவும் வைத்துக்கொண்டால் வேதிச் சமன்பாட்டின்படி வெளிவரும் நைட்ரஜன் டை ஆக்சைடு சுமார் 117 கிராம். அதே வெள்ளி நீர்த்த அமிலத்தில் கரைந்தால் வருவது 26 கிராம் நைட்ரிக் ஆக்சைடு. அது காற்றில் சேர்ந்து 39 கிராம் நைட்ரஜன் டை ஆக்சைடாகும். வெள்ளிக்குப் பதில் செம்பு என்றால் நீர்த்த அமிலத்தில் 133 கிராம், அடர் அமிலத்தில் 398 கிராம். நடைமுறையில் இரண்டு எல்லைகளுக்கும் இடையில் எங்கோ விழும், கரையக் கரைய அமிலமும் நீர்த்துப்போகும் என்பது உண்மை. ஆனாலும் எல்லைகளைப் பாருங்கள்: அதே 100 கிராம் நகை, கடைசியில் அதே 91.6 கிராம் தங்கம், புகை மட்டும் 39 கிராமிலிருந்து 398 கிராம் வரை. பத்து மடங்கு வேறுபாடு. இதைத் தொழிலின் தலைவிதி என்று சொல்ல முடியுமா?

அமிலத்தின் செலவும் இதே கதைதான். அடர் அமிலத்தில் வெள்ளியைக் கரைக்கச் சுமார் 320 கிராம் தூய அமிலம் வேண்டும், நீர்த்ததில் 214 கிராம். செம்பு என்றால் முறையே 1,090 கிராமும் 730 கிராமும். வெளிவந்த வாயுவை எல்லாம் ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்த்துத் திரும்ப அதே பாத்திரத்துக்குள் கொண்டுவர முடிந்தால் வெள்ளிக்குத் தேவை 161 கிராம் மட்டுமே. அடர் அமிலத்தில் கரைக்கிறவர் வாங்கிய அமிலத்தில் சரிபாதியைப் புகைக்கூண்டுக்குக் கொடுக்கிறார் என்பது இந்தக் கணக்கின் பொருள்.

117 கிராம் அப்படி என்ன பெரிய அளவு, தெருவில் நாள் முழுக்க வண்டிகள் விடும் புகைக்கு முன் இது எம்மாத்திரம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, எண்ணாலேயே பதில் சொல்லலாம். பிஎஸ்-6 விதிப்படி ஒரு இருசக்கர வண்டி கிலோமீட்டருக்கு 60 மில்லிகிராம் வரை நைட்ரஜன் ஆக்சைடுகள் விடலாம். 117 கிராம் என்பது அப்படி ஒரு வண்டி 1,950 கிலோமீட்டர் ஓடியதற்குச் சமம். கோவையிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பி, மறுபடியும் போய்த் திரும்புகிற தூரம் அது. வண்டி அதை நெடுஞ்சாலை முழுவதும் தூவிக்கொண்டு போகிறது. பட்டறை ஒரு சில மணி நேரத்தில் ஒரே புகைக்கூண்டில் விடுகிறது. இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுக் காற்றுத் தர விதிப்படி 24 மணி நேர சராசரியில் நைட்ரஜன் டை ஆக்சைடு ஒரு கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. 117 கிராமை அந்த அளவுக்கு நீர்க்கச் செய்ய 14 லட்சம் கன மீட்டருக்கு மேல் சுத்தமான காற்று வேண்டும். 300 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலமுள்ள ஒரு தெருவில் பத்து மீட்டர் உயரம் வரை இருக்கும் காற்று 18,000 கன மீட்டர்தான். எண்பது தெருவின் காற்று வேண்டும். பன்னிரண்டுக்குப் பத்தடி அறைக்குள் அது அடைபட்டால் பத்து லட்சத்தில் 1,800 பங்குக்கு மேல் போகும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு அமைப்பு வைத்திருக்கும் எல்லை 20-க்கும் கீழ்.

அந்த அறையில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. அம்மோனியாவோ ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியோ என்றால் மூக்கிலும் தொண்டையிலுமே கரைந்து எரிய வைக்கும், ஆள் எழுந்து ஓடிவிடுவார். நைட்ரஜன் டை ஆக்சைடு நீரில் மெதுவாகவே கரைவதால் பெரிய எச்சரிக்கை இல்லாமல் நுரையீரலின் அடிவரை போய் அங்கே அமிலமாகிறது. சற்று இருமல், கொஞ்சம் தலைவலி, பிறகு சரியாகிவிட்டதுபோல் இருக்கும். ஆறு, பன்னிரண்டு, சில நேரம் 24 மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். பகலில் புகையை முகர்ந்தவர் இரவில் வீட்டில் திணறும்போது பகல் வேலையையும் இரவுத் திணறலையும் யாரும் இணைத்துப் பார்ப்பதில்லை. இந்த வாயுவை அதிகம் சுவாசித்தவரை, அவர் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும், மருத்துவமனையில் ஒரு நாள் வைத்துக் கவனிக்க வேண்டும். பட்டறைக்காரர் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி என்றால் இது.

புகையைத் தண்ணீருக்குள் விட்டுத்தானே எடுக்கிறோம், பிறகென்ன என்று சிலர் சொல்வார்கள். ஒரு டிரம் தண்ணீரில் குழாயை முக்கி வைத்தால் பழுப்பு நிறம் குறைவது உண்மை. ஆனால் கோபுரத்தில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். நீரைத் தொட்டதில் மூன்றில் ஒரு பங்கு நிறமற்ற நைட்ரிக் ஆக்சைடாக மறுபக்கம் வெளியேறிவிடும். அதற்குமேல் குமிழி பெரிதாக இருந்தால் தொடாமலே போவதும் உண்டு. வெளியே வந்த நிறமற்ற வாயு கூரைக்கு மேல் காற்றோடு சேர்ந்து மெல்லப் பழுப்பாகும், அல்லது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பரவியபின் மாறும். நிறம் போனதை வைத்து வாயு போய்விட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. வேகமான விசிறி வைத்து இழுத்துவிடுகிறோம் என்பது இன்னொரு பதில். இங்கேதான் வேதியியல் நம் சாதாரண அறிவுக்கு மாறாகப் பேசுகிறது. நைட்ரிக் ஆக்சைடு ஆக்சிஜனோடு சேரும் வேகம் அதன் அடர்த்தியின் இருபடிக்கு ஏற்றபடி மாறுகிறது. காற்றில் நூற்றில் ஒரு பங்கு இருந்தால் பாதி மாறுவதற்குச் சுமார் அரை நிமிடம் போதும். விசிறி அதைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் கரைத்துவிட்டால் அதே பாதிக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். எவ்வளவுக்கெவ்வளவு காற்றைக் கலந்து இழுக்கிறோமோ அவ்வளவுக்கவ்வளவு அதைப் பிடிப்பது கடினமாகிறது. விசிறி உள்ளே இருப்பவரைக் காப்பாற்றும், அது வேண்டும். ஆனால் பிடிக்க வேண்டிய வாயு விசிறிக்குப் போகும் முன்பே பிடிபட வேண்டும்.

அப்படியானால் அமைப்பு எப்படி இருக்கலாம் என்பது தானாகவே தெரிகிறது. மூடியுள்ள கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரம், மூடியில் சிறு காற்றுத் துளை, அமிலத்தைச் சிறிது சிறிதாக விடும் புனல். பாத்திரத்திலிருந்து குறுகிய குழாய் ஒரு வெற்று டிரம்முக்கு. அங்கே வாயு ஆறி, ஆக்சிஜனோடு சேரக் காத்திருக்கும். அதன் பிறகு நீர்த்தொட்டி, அடுத்து மறுபடி ஒரு வெற்று டிரம், கடைசியில் காஸ்டிக் சோடாக் கரைசல். நைட்ரிக் ஆக்சைடும் நைட்ரஜன் டை ஆக்சைடும் சம அளவில் இருந்தால் காஸ்டிக் இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும் என்பதால்தான் அது கடைசியில். ஹைட்ரஜன் பெராக்சைடு இன்னும் சுருக்கமான வழி. துருப்பிடிக்காத எஃகை நைட்ரிக் அமிலத் தொட்டியில் கழுவும் ஆலைகள் புகையை அடக்க அதைத்தான் தொட்டியிலேயே சேர்க்கின்றன. உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடைப் பிறந்த இடத்திலேயே அது மறுபடி நைட்ரிக் அமிலமாக்கிவிடுகிறது. சூடான அமிலத்தில் மொத்தமாகக் கொட்டினால் பொங்கிவிடும், துளித்துளியாகத்தான் விட வேண்டும். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு ரூபாய் கருவிச் செலவும் இல்லாத மாற்றம் இருக்கிறது: செம்புக்குப் பதில் வெள்ளி சேர்ப்பது, அடர் அமிலத்தைச் சரிபாதி நீர் கலந்து பயன்படுத்துவது, சூட்டைக் கட்டுக்குள் வைப்பது.

வெள்ளி விலை என்ன, செம்பு விலை என்ன என்ற ஆட்சேபம் வரும். வெள்ளி தொலைந்துபோவதில்லை என்பதே பதில். கரைசலில் இருக்கும் வெள்ளியைச் செம்புத் தகடு போட்டுத் திரும்ப எடுத்து அடுத்த உருக்குக்கே வைத்துக்கொள்ளலாம். அந்த வினையில் புகையும் இல்லை. முதலில் ஒருமுறை வெள்ளிக்குப் போடும் பணம் பட்டறையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். செம்பு வழியில் ஒவ்வொரு முறையும் மூன்று மடங்குக்கு மேல் அமிலம் வாங்க வேண்டும். நீர்த்த அமிலம் மெதுவாகக் கரைக்கும், நேரம் போகும் என்பதை மறுக்க முடியாது. கூலி நேரத்தைக் கணக்கிடும் சிறு பட்டறைக்கு அது உண்மையான செலவு. பருக்கைகளைச் சிறிதாக்கினால் அந்த நேரத்தில் ஒரு பகுதி மீளும், முழுதும் மீளாது. இதை விட்டுவிட்டு, தங்கத்தையே கரைக்கும் ராஜ திராவகத்துக்குப் போனால் குளோரினும் நைட்ரோசில் குளோரைடும் சேர்ந்து புகை இன்னும் மோசமாகும். வோல்வில் 1874-இல் கண்ட மின்பகுப்பு முறை மிகத் தூய தங்கம் தரும், ஆனால் கரைசலுக்குள்ளேயே நிறையத் தங்கத்தை முடக்கி வைக்க வேண்டும். பெரிய சுத்திகரிப்பு ஆலைக்குப் பொருந்துவது மூன்று பேர் வேலை செய்யும் பட்டறைக்குப் பொருந்தாது. 2021 ஜூன் முதல் ஹால்மார்க் கட்டாயமான பிறகு டச், அதாவது தங்கத்தின் தூய்மை அளவு, துல்லியமாக இருக்க வேண்டிய நெருக்கடி கூடியிருக்கிறது. ஹால்மார்க் மையங்களின் தீ மதிப்பீட்டு முறையிலும் கடைசிப் படி நைட்ரிக் அமிலம்தான். இந்த அமிலம் இந்த ஊரைவிட்டு உடனே போகப்போவதில்லை.

கொங்கின் கிணறுகளில் நைட்ரேட் அதிகம் என்பதைக் காட்டி, அதற்கும் பட்டறைகளே காரணம் என்பாரும் உண்டு. குற்றத்தை உரியவர் மீது வைக்க வேண்டும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரம். மேலே சொன்ன 100 கிராம் நகைக்கு வெள்ளி வழியில் கழிவு நீரில் சேரும் நைட்ரேட் 158 கிராம். அதில் நைட்ரஜன் 36 கிராம். ஒரு ஆள் ஒரு நாளில் சிறுநீரும் மலமுமாக வெளியேற்றும் நைட்ரஜனே 10 முதல் 12 கிராம். மூன்று பேரின் ஒரு நாள் கழிவுக்கு மேல் பட்டறை பெரிதாக ஒன்றும் சேர்த்துவிடவில்லை. கிணற்று நைட்ரேட்டின் தாய் மூடப்படாத சாக்கடை, கட்டுத்தரை, கோழிப்பண்ணை எரு, வயலில் அளவுக்கு மேல் கொட்டும் யூரியா. வெடியுப்பு கொடுத்த அதே பாக்டீரியாக்கள் இவற்றையும் நைட்ரேட்டாக்கிப் பாறை இடுக்குகள் வழியாகக் கிணற்றுக்கு அனுப்புகின்றன. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 1909 முதல் தொடரும் நிரந்தர உரச் சோதனை வயல் போன்றவை இருக்கும் ஊர் இது. எருவும் உரமும் மண்ணில் நூறாண்டில் என்ன செய்யும் என்பதை அளந்து பார்க்க நமக்கு வசதி இருக்கிறது. பட்டறையின் கழிவு நீரில் பிழை இருப்பது நைட்ரேட்டில் அல்ல, செம்பில். வெள்ளியை மீட்டபின் நீலப்பச்சையாக நிற்கும் கரைசலில் 81 கிராம் செம்பு இருக்கும். செம்பு சேர்த்து உருக்கும் வழியில் அது 275 கிராம். குடிநீரில் செம்புக்கு அனுமதித்த உச்ச அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். 275 கிராம் செம்பு 1,80,000 லிட்டர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவரும். இரும்புத் துண்டுகளைப் போட்டு வைத்தால் செம்பு அதன் மேல் படிந்துவிடும், எடைக்கு விற்கலாம். மிச்சத்தைச் சுண்ணாம்பு சேர்த்துப் படிய வைக்கலாம்.

பட்டறைகளை ஊருக்கு வெளியே ஒரு தொழிற்பேட்டைக்கு மாற்றுவது பற்றியும் சொல்ல வேண்டும். நகை வேலையின் பெரும்பகுதி ஊதுகுழல், கம்பி இழுப்பு, கல் பதிப்பு, மெருகு. இவற்றுக்கும் நைட்ரிக் அமிலத்துக்கும் சம்பந்தமே இல்லை. வீட்டுக்குப் பின்னால் பட்டறை, கையிருப்பில் அடுத்தவர் தங்கம், இரவில் பாதுகாப்பு, பக்கத்திலேயே உருக்குபவரும் டச் பார்ப்பவரும் என்று பின்னிக் கிடக்கும் ஒரு வாழ்க்கையை ஒரு ரசாயனப் படிக்காகப் பெயர்த்து எடுப்பது அநியாயம். கூடவே, புகை குறையாமல் இடம் மட்டும் மாறினால் அங்கே குடியிருப்பவர் முகர வேண்டியிருக்கும். அமிலப் படியை மட்டும் பிரித்து எடுப்பது வேறு விஷயம். ஒரு பகுதிக்கு ஒன்றாக, பட்டறைக்காரர்களே சேர்ந்து நடத்தும் பொதுச் சுத்திகரிப்புக் கூடம் இருந்தால் மூடிய பாத்திரம், காத்திருப்பு டிரம், காஸ்டிக் தொட்டி, செம்பு மீட்பு ஆகியவற்றின் செலவு பலர் தலையில் பகிர்ந்துவிடும். அதற்கு எதிராக வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. என் தங்கம் என் கண்ணை விட்டு அகலக் கூடாது என்று தொழிலாளி சொல்வார். அவர் சொல்வது சரி. அரை கிராம் குறைந்தாலும் நம்பிக்கை போய்விடும் தொழில் இது. ஆகவே கூடம் என்றால் ஒவ்வொருவருக்கும் பூட்டிய தனித் தட்டும் தனிப் பாத்திரமும், அவரே நின்று தம் உருக்கைக் கரைத்து, கழுவி, எடை பார்த்து எடுத்துப் போகும் ஏற்பாடும் வேண்டும். பொதுவாக இருக்க வேண்டியது பாத்திரத்துக்கு மேலே போகும் குழாய் மட்டும்தான். அந்தக் குழாய்க்குப் பின்னால் எத்தனை தொட்டி, எத்தனை டிரம் என்பதை ஒரு நாளில் அங்கே கரையும் உலோகத்தின் எடையிலிருந்தே கணக்கிட்டுவிடலாம்.